நடக்க நடக்கக் கொழுத்தவர்

“ஒருத்தர் வைச்ச சாப்பாட்டை வேண்டாமெண்டு இந்த வாய் இண்டுவரைக்கும் சொன்னதில்லை. இனியும் சொல்லாது. அப்பிடிச் சொல்லுற நாள் ஒண்டு வந்தால், கனகரத்தினம் செத்திட்டான் எண்டு நோட்டீஸ் அடிச்சு மதிலெல்லாம் ஒட்டுங்கோ!”

1967ஆம் ஆண்டு, வடமராட்சியில் ஒரு கிராமத்துக் கூட்டுறவுச் சங்கக்கடையின் மனேச்சர் கனகரத்தினம், தமது முப்பத்தொன்பதாவது வயதில், கையில் ஒரு பிடி சோற்றோடு எழுந்து நின்று செய்த பிரகடனம் இது. இடம், ஊர்ப் பெரிய மனிதர் எவரும் ஒரு மிடறு தண்ணீர்கூட வாங்கிக் குடித்தறியாத ஒரு வீட்டின் முற்றம். எல்லாச் சாதியும் ஒரே பந்தியில் இருந்து சாப்பிடும் சமபந்திப் போசனம். அழைக்கப்பட்ட பெரிய மனிதர் முப்பது பேர். வந்தவர் நால்வர். பாயில் குந்தியவர் கனகரத்தினம் ஒருவரே.

பிரகடனத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பந்தி சூடு பிடிக்க, மேலும் தொடர்ந்தார். “எங்கட ஆக்கள் இந்தப் படலையடியில வந்து நிண்டு சொல்லுற சாட்டு எனக்குத் தெரியாதே? ஒருத்தருக்கு வயித்துக்குத்து. ஒருத்தருக்கு விரதம். எல்லாத்திலயும் பெரிய புளுகு சீனி வருத்தம்! உள்ள வரேக்க வாற வருத்தம், வெளிய போன உடன பறந்திடும்!”

முற்றம் அதிரச் சிரித்தது. மனேச்சர் அன்று நான்கு முறை சோறு வாங்கினார். அதன் பலனாக உடன்பிறந்த தமையன் அவரோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. சங்கக்கடை நிர்வாகம் அவரை இருமுறை விசாரித்தது. அவர் அசையவில்லை. இந்த ஒரு காரியத்தில் கனகரத்தினத்தைப் பகிடி பண்ண எவருக்கும் இடமில்லை. மற்றக் காரியங்களில் தாராளமாக உண்டு.

இருபது வருடம் கழித்து, 1987 ஆனி மாதம், அதே கனகரத்தினம் சூரிச்சுக்குத் தெற்கே அட்லிஸ்வில்லில் ஒரு டாக்டர் அம்மாவின் அறையில், காலுறையோடு தராசில் ஏறி நின்றார். இருபத்தெட்டு வருடம் ஊருக்கே அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்த மனிதரை இன்னொருவர் நிறுத்துப் பார்ப்பது அதுவே முதல் தடவை. முள் தொண்ணூற்று நான்கில் நின்றது. தராசு பிழை என்று சொல்லத் தொழில் அனுபவம் தூண்டியது. பாஷை இடம் கொடுக்கவில்லை.

மகள் பத்மினி மொழிபெயர்த்தாள். “அப்பா, உங்களுக்குச் சீனி வருத்தமாம். கனகாலமாய் இருந்திருக்காம். இடது கண்ணுக்குப் பின்னால ரத்தம் கசிஞ்சிட்டுதாம். அதுதான் உங்களுக்குக் கறுப்பு நூல் மாதிரி ஓடுது. வலது கண் இன்னும் தப்பி நிக்குது. ஒக்டோபர் முடியிறதுக்குள்ள பத்துக் கிலோ இறங்கவேணுமாம்.”

“இறங்காட்டி?”

பத்மினி அதை மொழிபெயர்க்கவில்லை. டாக்டர் அம்மாவோ கேள்வியை முகத்திலேயே படித்துவிட்டார்போலும். தமது உள்ளங்கையால் முதலில் இடது கண்ணைப் பொத்தினார். பிறகு வலது கண்ணைப் பொத்தினார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

பாஷை தெரியாத ஊரில் மனிதருக்கு வாயும் கண்தான், காதும் கண்தான். கனகரத்தினம் பேருந்தை இலக்கத்தால் அறிந்தார், பாலைப் பெட்டியின் நிறத்தால் அறிந்தார், காலையில் நான்கு மணித்தியாலம் துணி மடிக்கிற ஹோட்டல் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளரின் கோபத்தைப் புருவத்தால் அறிந்தார். அந்தக் கண் போனால் மிஞ்சப்போவது, மகளின் இரண்டறை வீட்டில் ஒரு மூலையில் சாத்தி வைத்த அரிசிச் சாக்கு. சாக்கிடம் எவரும் நிறையைத் தவிர வேறொன்றும் கேட்பதில்லை என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் அட்லிஸ்வில்லில் இல்லை. அன்றிரவு அவர் படுக்கையில் ஒவ்வொரு கண்ணாக மூடித் திறந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி கிடந்தார்.

வைத்தியம் எளிது. வீட்டில் ஒரு கைப்பிடிச் சோறு, கால்வாசி மீன், மீதியெல்லாம் இலை. தேநீருக்குச் சீனி இல்லை. நாளுக்கு ஒரு மணி நேரம் நடை. சாப்பாட்டைப் பத்மினி பார்த்துக்கொண்டாள். நடை அவர் பொறுப்பு.

மறுநாளே சீல் ஆற்றங்கரையில் இறங்கினார். இங்கேதான் முதற் சிக்கல். கனகரத்தினம் தமது ஐம்பத்தொன்பது வருடத்தில் காரியம் இல்லாமல் நடந்ததே கிடையாது. கையில் பையும் இல்லாமல், போகும் இடமும் இல்லாமல் ஒருவன் நடந்தால் ஊரில் அவன் ஆட்டைத் தொலைத்தவன், அல்லது புத்தியைத் தொலைத்தவன். ஆகவே அவர் பத்தடிக்கொருமுறை நின்று திரும்பிப் பார்த்தார், தாம் எங்கே போகிறோம் என்று தாமே யோசித்தார். எதிரே வந்த வெள்ளைக்காரக் கிழவிகள் “குறூயெட்சி” என்று வணக்கம் சொல்ல, ஒவ்வொருவருக்கும் நின்று கைகூப்பினார். மூன்றாம் நாள் ஒரு பொலிஸ்காரர் மிக மரியாதையாக அகதி அட்டையை வாங்கிப் பார்த்து, எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். ‘உலாத்துகிறேன்’ என்பதற்குப் பத்மினி சொல்லித் தந்த சொல் சமயத்தில் காலை வாரிவிட்டது. கனகரத்தினம் தமது வயிற்றைத் தட்டிக் காட்டினார். பிறகு கண்ணைத் தொட்டுக் காட்டினார். வழி தவறிய பசித்த கிழவர் என்று தீர்மானித்த பொலிஸ்காரர் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார். போன நடையின் பலன் வந்த காரில் கரைந்தது.

மருமகன் சிவநேசன் வழி சொன்னான். “மாமா, போக ஒரு இடம் இருந்தால் பிரச்சினை இல்லை. ஆரும் எங்கட ஆக்களின்ர வீட்டை போயிட்டு வாங்கோ. கேட்டால் விலாசத்தைக் காட்டலாம்.”

யோசனை அபாரமானது. கனகரத்தினம் சங்கக்கடைக் கையெழுத்தில் அட்டவணை போட்டார். நடை தூரத்தில் தமிழ் வீடுகள் எட்டு. சொந்தக்கார இராஜேந்திரன் லங்நவ்வில். பாலேந்திரன் மேடேறிப் போனால் கில்ஷ்பேர்க்கில். இந்தப் பாலேந்திரன் யாரென்றால், அந்தச் சமபந்தி நடந்த முற்றத்துக்காரரின் மகன். ஊரில் அந்தக் குடும்பம் மனேச்சரை ‘ஐயா’ என்று கூப்பிட்டது. இங்கே ‘அண்ணை’ என்று கூப்பிடவேண்டும் என்று சட்டம் போட்டவர் மனேச்சரே.

உணவகத்துச் சமையலறைகளில் வேலை செய்கிறவர்களுக்குப் பின்னேரம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை ஓய்வு. கனகரத்தினம் மூன்று மணிக்கு நடந்தார். ஆக, எட்டு வீட்டிலும் ஆள் இருந்தது, அடுப்பும் எரிந்தது. ஒருவர் வீடு தேடி நடந்து வந்திருக்கிறார், அதுவும் மேடேறி, அதுவும் வயதில் மூத்தவர். அவரை வெறும் வாயோடு அனுப்ப எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கு மனம் வரும்? தகரப்பால் விட்டு மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணி. அதோடு வடை. வடை தனியே போகக்கூடாதென்று றோல்ஸ். “இருங்கோ அண்ணை, புட்டு அவியுது.”

சீனி வருத்தம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும் காரியம். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் சொல்ல முடியாது. ஊர் சிரிக்கச் சிரிக்க அதைப் புளுகு என்று நிரூபித்தவரே அவர்தான். பாலேந்திரன் வீட்டில் சொன்னால் அது சாதி. பாலேந்திரன் வீட்டில் தின்றுவிட்டு மற்ற ஏழு வீட்டில் சொன்னால், அங்கே தின்றது ஊருக்குக் காட்ட என்றாகிவிடும். எட்டு வீட்டிலும் சொல்லலாமே என்றால், மற்ற ஏழு வீட்டை எவர் எண்ணப் போகிறார்கள்? பாலேந்திரன் வீட்டில் சொன்னது மட்டும் அன்றைக்கே சூரிச் தாண்டிப் பாடன் நகர் வரைக்கும் போய்விடும். எனவே வாய் தன் விரதத்தைக் காத்தது, நிறை ஏறியது.

ஆடியில் முள் தொண்ணூற்றாறு. டாக்டர் அம்மா நம்பவில்லை. “தினமும் நடக்கிறாரா?”

“நடக்கிறார்,” என்றாள் பத்மினி. “பொய் இல்லை. சப்பாத்துத் தேஞ்சுபோச்சு.”

அப்படியானால் இரண்டு மணி நேரம் நடக்கட்டும் என்று எழுதினார் டாக்டர் அம்மா. இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு வீடு. ஆவணியில் முள் தொண்ணூற்றெட்டு. இடது கண்ணின் நூல் இப்போது வலையாகியிருந்தது.

மனிதர் தவித்துப்போனார். வடையைக் கைக்குட்டையில் சுருட்டிச் சட்டைப்பைக்குள் தள்ளி, திரும்புகையில் ஆற்று வாத்துகளுக்குப் போட்டுப் பார்த்தார். வாத்துகள் கொழுத்தன. பத்மினி சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, “அப்பா, நீங்கள் கண்ணைப் பாக்கிறியளோ மானத்தைப் பாக்கிறியளோ?” என்று கேட்டாள். அவர் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

வழி பிறந்தது ஒரு புதன்கிழமை, தற்செயலாக. நேரம் பிந்தி ஆறு மணிக்கு ஒரு வீட்டு மணியை அடித்தார். பதில் இல்லை. எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். கனகரத்தினம் பூட்டிய கதவின் முன் நின்று, வாழ்க்கையில் முதல் முறையாக, பூட்டின் மகிமையை உணர்ந்தார். போனதும் நடை, வந்ததும் நடை, நடுவில் ஒரு கடியும் இல்லை. விலாசமும் உண்டு, வந்து விசாரித்த மரியாதையும் உண்டு!

அன்று முதல் அட்டவணை திருத்தப்பட்டது. எவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார், எவருடைய மனைவிக்கு எந்தப் பின்னேரம் வேலை என்பதெல்லாம் புத்தகத்தில் ஏறியது. பாலேந்திரனின் மனைவி சந்திரமதிக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை. வியாழக்கிழமை மாலை இருவரும் இல்லை. வியாழன்தோறும் மேடேறி, மணியடித்து, ஆள் இல்லை என்று நிச்சயித்து, இறங்கி வந்தார். புரட்டாதி முடிய முள் தொண்ணூறுக்கு இறங்கிவிட்டது. டாக்டர் அம்மா கைகொடுத்தார். இன்னும் ஆறு கிலோ. ஐப்பசி முழுவதும் இருந்தது.

ஒரே ஒரு நாள் சறுக்கியது. கை முறிந்து மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்த இராஜேந்திரன் மணிச்சத்தத்துக்குக் கதவைத் திறந்துவிட்டான். அன்று பதினொரு இடியப்பம்.

ஐப்பசி நடுவில் சிவநேசன் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே நின்றான். “மாமா, பாலேந்திரன் அண்ணை ஒரு மாதிரிக் கதைக்கிறார்.”

“என்னவாம்?”

“நீங்கள் வியாழன்தோறும் அவையள் இல்லாத நேரம் பாத்துப் போறியளாம். கீழ்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி யன்னலாலை பாத்திருக்கிறா. மணி அடிச்சிட்டு, ஆளில்லை எண்டவுடன சிரிச்சுக்கொண்டு இறங்கிப் போறாராம் எண்டு சொல்லியிருக்கிறா.”

“சிரிச்சனானோ?”

“சிரிச்சனீங்களாம். இராஜேந்திரன் வீட்டில மட்டும் இருந்து இடியப்பம் சாப்பிட்டனீங்கள். மிச்சத்தை அவர் கூட்டிப் பெருக்கிப் பாத்திட்டார்.”

கனகரத்தினம் அட்டவணைப் புத்தகத்தை மூடி வைத்தார். இருபது வருடத்துப் பெயரை ஒரு சிரிப்பில் தொலைத்திருந்தார். மறுநாள் தொலைபேசி வந்தது. பாலேந்திரனின் குரலில் தேன் வடிந்தது. தேனுக்குள் முள் இருந்தது.

“மனேச்சர் அண்ணை, பாவம், நீங்களும் எத்தினை தரம் ஏறி இறங்கினனீங்கள். நாங்கள் வீட்டில இல்லாமப் போனம். வாற திங்கள் எங்கட உணவகம் பூட்டு. மத்தியானச் சாப்பாடு எங்கட வீட்டில. இராஜேந்திரனையும் சொல்லியிருக்கிறன். நேரம் உங்களுக்குச் சரிதானே? எங்களுக்கு ஆள் இருக்கிற நேரம்.”

“வாறன் தம்பி,” என்றார் கனகரத்தினம். அந்தத் திங்கள் கழிந்த புதன்கிழமை டாக்டர் தவணை.

பத்மினி தவணை அட்டையை எடுத்துக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினாள். ஒரு மத்தியானம்தானே, ஒரு பிளேட்தானே என்று அவரே தமக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தார். ஆனால் தமது வாயை அவர் அறிவார். அதில் ஒரு பிளேட் என்ற அளவு கிடையாது. பாலேந்திரன் வீட்டில் மறுபடி அமர்ந்தால் மற்ற ஏழு வீடும் திங்கள் தோறும் அழைக்கும். பழையபடி மூன்று மணி, பழையபடி வடை.

திங்கட்கிழமை, சலவைக்கூடத்து வேலை முடிந்து, முகம் கழுவிக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தபோது அது நடந்தது. முகத்தின் மேல் ஒரு மயிர்த்துண்டு நகர்ந்தது. கண்ணாடியைத் துடைத்தார். போகவில்லை. இடது கண்ணை மூடினார். அப்போதும் நகர்ந்தது. நல்ல கண்ணில்.

கில்ஷ்பேர்க் மேட்டை அவர் எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது.

மேசை நிறைந்திருந்தது. ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பொரியல், பருப்பு, வாழைக்காய்ப் பால்கறி, அப்பளம். இராஜேந்திரன் மாவுக்கட்டுக் கையை நெஞ்சில் அணைத்தபடி இடது கையில் கரண்டியோடு முந்திக்கொண்டான். அவனுடைய தகப்பன் ஊரில் இந்தக் குடும்பத்தின் படலைக்கு வெளியே நின்று சீனி வருத்தம் சொன்னவர்களில் முதல்வர். மகன் இரண்டாந்தரம் இறைச்சி கேட்டான். சந்திரமதி மனேச்சரின் பிளேட்டில் சோற்றைக் குவித்தாள்.

“தொடங்குங்கோ அண்ணை,” என்றான் பாலேந்திரன். அவன் தன்னுடையதைத் தொடவில்லை. பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளைச் சோற்றின் மேல் கறுப்பு நூல் ஊர்ந்தது.

“தம்பி, எனக்குச் சீனி வருத்தம்.”

இராஜேந்திரனின் கரண்டி பாதி வழியில் நின்றது. பாலேந்திரன் சிரித்தான். “உந்தப் பகிடியை எங்கட அப்பு சாகுமட்டும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவர். சாப்பிடுங்கோ அண்ணை.”

“பகிடி இல்லை. மெய்யாத்தான் சொல்லுறன்.”

“இடியப்பம் சாப்பிடேக்க அது இருக்கேல்லையோ?”

“அப்பவும் இருந்தது.”

“அப்ப எங்கட வாசலைக் கண்டாத்தான் அதுக்கு ரோசம் வருது.” பாலேந்திரன் எழுந்து போனான். குளிர்ப்பெட்டியிலிருந்து மூடி உடைக்காத ஒரு சோடாப் போத்தலைக் கொண்டுவந்து, திறப்பானையும் பக்கத்தில் வைத்தான். ஊரில், வேறு வழியில்லாமல் இவர்கள் வீட்டுக்கு வந்துவிடுகிற பெரிய மனிதருக்குக் கொடுப்பது அதுதான். கை படாத போத்தல், அவர் கண் முன்னாலேயே உடைக்கப்படும். “நீங்களே உடையுங்கோ, ஐயா,” என்றான்.

கனகரத்தினம் அடியை வாங்கிக்கொண்டார். “பிள்ளை,” என்று சந்திரமதியைப் பார்த்தார். “குழாய்த் தண்ணி தாங்கோ. நீங்கள் குடிக்கிற கோப்பையில.”

அவள் கொண்டுவந்து வைத்தாள். அவர் கை நீட்டினார். விரல்கள் கோப்பைக்கு நாலு அங்குலம் இப்பால் காற்றைப் பிடித்தன. மறுபடி நீட்டினார், புறங்கை பட்டுக் கோப்பை கவிழ்ந்தது. தண்ணீர் மேசை விரிப்பில் ஓடிப் பாலேந்திரனின் மடியில் சொட்டியது.

“தண்ணியும் ஆகாதோ?” பாலேந்திரன் பாய்ந்து எழுந்தான்.

“இருங்கோப்பா!” சந்திரமதியின் குரல் உயர்ந்து அந்த வீட்டில் எவரும் கேட்டிருக்கவில்லை. “உங்களுக்குக் கண் தெரியேல்லையோ, அவருக்குத் தெரியேல்லையோ? எங்கட இல்லத்தில பாதிப்பேர் இப்பிடித்தான் தடவுறவை.” மறுபடி கோப்பையை நிரப்பினாள். அவருடைய கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக அதைச் சுற்றி மடித்து வைத்தாள். அவர் அடி வரை குடித்தார். கொஞ்சம் மோவாயால் வழிந்தது. இராஜேந்திரன் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

பாலேந்திரன் சோடாப் போத்தலைத் தூக்கி மேசைக்கு அடியில் வைத்தான். அது உருண்டு போகிற சத்தம் கேட்டது. கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து இருந்தான்.

“எப்ப தொடக்கம் அண்ணை?”

“ஆனி.”

“ஏன் சொல்லேல்லை?”

கேட்டு முடிக்க முதலே பாலேந்திரனுக்குப் பதில் தெரிந்துவிட்டது: தன் தகப்பனின் முற்றத்தில் அன்று செய்த பிரகடனம். பிறகு, மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர்கள் செய்கிற காரியத்தைச் செய்தான். மனேச்சரின் பிளேட்டைத் தன் பக்கம் இழுத்து, சோற்றில் இறைச்சிக் குழம்பை விட்டுப் பிசைந்து, சின்னதாக ஒரு பிடி உருட்டி எடுத்தான். அதை அவர் வாயருகே கொண்டுவந்தான்.

“ஒரு வாய் மட்டும். அப்புவின்ர பேருக்கு.”

குழம்பின் மணம் மூக்கில் ஏறியது. கனகரத்தினம் அந்தக் கையை, அதற்குப் பின்னால் இருந்த முகத்தை, முகத்தின் மேல் நகர்ந்த கறுப்பு நூலைப் பார்த்தார். தமது கையால் பாலேந்திரனின் மணிக்கட்டைப் பிடித்தார். இந்த முறை தவறாமல் பிடிபட்டது. மெதுவாக, ஒரு பருக்கையும் சிந்தாமல், அதைப் பிளேட்டுக்குத் திருப்பினார்.

“வேண்டாமடா தம்பி,” என்றார்.